காருக்குள் ஆம்ப்ளிஃபயர்: 12 வோல்ட்டின் இலக்கணம்

காருடன் தொழிற்சாலையிலிருந்தே வரும் மியூசிக் சிஸ்டத்தின் ஒலி போதாது என்று கருதும் உரிமையாளர்கள், ஒலியின் திறனைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தனியாக வாங்கி, அதை டிக்கியிலோ முன் இருக்கைக்கு அடியிலோ பொருத்திக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற கார் உதிரிப்பொருள் கடைவீதிகளில் இதற்கென்றே கைதேர்ந்த வயரிங் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நான்கைந்து வயர்களை இணைக்கும் எளிய வேலையாகத் தோன்றினாலும், தடித்த வயர், பேட்டரியை ஒட்டிய ஃபியூஸ், பெயிண்ட் சுரண்டிய எர்த், தனித் தடத்தில் செல்லும் சிக்னல் வயர் என்று இதற்குப் பல விதிகள் உண்டு. தொழிலில் தேர்ந்தவர்கள் அவற்றைக் கைப்பழக்கமாகவே கடைப்பிடிக்கிறார்கள். காரின் மின்னழுத்தம் வெறும் 12 வோல்ட் என்ற ஒரே உண்மையிலிருந்து இவ்விதிகள் அனைத்தும் கிளைப்பதை உணர்ந்துகொண்டால், எந்த வேலையில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

மின்னழுத்தம் வகுக்கும் எல்லை

காரின் பேட்டரி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும் ஆறு ஈய-அமில மின்கலங்களைத் தொடராக இணைத்த அமைப்பு. முழு சார்ஜுடன் ஓய்வில் இருக்கும்போது அது 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், அதன் சுழற்சியிலிருந்து மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றியாக வேண்டும் என்பதால், மின்னழுத்தம் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை உயர்கிறது. டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ, தன் உள்ளிருக்கும் சிறிய சில்லின் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும் மின்சாரம் இந்த அளவைத் தாண்டி மேலெழ முடியாது.

இந்த எல்லைக்குள் எவ்வளவு திறன் கிடைக்கும் என்பதைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே அறிந்துவிடலாம். ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஒன்றுக்கொன்று எதிராக இயக்கும் பிரிட்ஜ் முறையை ஸ்டீரியோக்கள் கையாளுவதால், ஸ்பீக்கரின் மீது விழும் அலையின் உச்சம் அதிகபட்சம் 14.4 வோல்ட்டை எட்டும். சீராக ஏறி இறங்கும் சைன் அலைக்கு அந்த உச்சத்தை 1.414 ஆல் வகுத்தால் கிடைக்கும் 10.2 வோல்ட்டே பயன்தரும் அழுத்தம். அதன் வர்க்கத்தை, கார் ஸ்பீக்கர்களின் வழக்கமான தடையான 4 ஓமால் வகுத்தால் 26 வாட் வருகிறது. சில்லுக்குள் ஏற்படும் இழப்பையும் கழித்துவிட்டால் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான தனி வழிக்கு, 20 வாட் அளவே எஞ்சும்.

அப்படியிருக்க, ஸ்டீரியோவின் பெட்டியில் “50 வாட் × 4” என்று அச்சிட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். 14.4-இன் வர்க்கத்தை நேரடியாக 4 ஆல் வகுத்தால் வரும் 52 வாட்டை ஒட்டிய எண் அது. அலையின் தலையும் அடியும் வெட்டுண்டு சதுர வடிவமாகிவிட்ட நிலையில் மட்டுமே அவ்வளவு திறன் வெளிப்படும், அந்த நிலையில் ஒலிப்பதை இசை என்று சொல்ல முடியாது. ஆகவே வாட் எண்ணுக்கு அருகில் “ஆர்எம்எஸ்” என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குவோரின் முதல் கடமை. கருவி தொடர்ந்து தரக்கூடிய மெய்யான திறனை அக்குறிப்பே சுட்டுகிறது.

அழுத்தத்தை உயர்த்தும் உபாயம்

குறைந்த மின்னழுத்தம் என்னும் இந்தத் தடை கார் ரேடியோ பிறந்தபோதே உடன்பிறந்தது. பால் கால்வின் என்பவர் நடத்திய கால்வின் மேனுஃபேக்சரிங் நிறுவனம் 1930-இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய மோட்டோரோலா ரேடியோ, கார்களுக்கென விற்கப்பட்ட தொடக்ககால ரேடியோக்களுள் புகழ்பெற்றது. அந்நாளைய அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் 6 வோல்ட் பேட்டரியே இருந்தது. வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய்களோ நூறு வோல்ட்டுக்கும் அதிகமான அழுத்தத்தில் இயங்குபவை. அதற்காகத் தனி உலர் பேட்டரிகளைக் காரில் சுமந்து செல்ல வேண்டியிருந்த நிலையை, 1930-களில் பரவிய வைப்ரேட்டர் என்ற கருவி மாற்றியது. ஒரு மெல்லிய உலோக நாக்கு விநாடிக்கு நூறு முறைக்கு மேல் அதிர்ந்து மின்னோட்டத்தை விட்டுவிட்டுப் பாயச் செய்ய, அந்தத் துடிப்பை மின்மாற்றி உயர் அழுத்தமாக மாற்றித் தந்தது. முழுவதும் டிரான்சிஸ்டரால் இயங்கும் கார் ரேடியோவை 1955-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் வழங்கத் தொடங்கிய பிறகு, வால்வுகளோடு வைப்ரேட்டரும் மெல்ல மறைந்தது.

மறைந்த அந்த உபாயம்தான் இன்றைய ஆம்ப்ளிஃபயருக்குள் வேறு வடிவில் வாழ்கிறது. அதன் உறையைக் கழற்றினால், செப்புக் கம்பி சுற்றிய வளைய வடிவ மின்மாற்றி ஒன்று பலகையின் ஒரு பக்கத்தில் பருமனாக அமர்ந்திருப்பதைக் காணலாம். அதிரும் நாக்கின் வேலையை மாஸ்ஃபெட் எனப்படும் டிரான்சிஸ்டர்கள் ஏற்றுக்கொண்டு, பேட்டரியின் மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூட, மின்மாற்றி அதை, எடுத்துக்காட்டாக, +30, -30 வோல்ட் என்ற இரு அழுத்தங்களாக உயர்த்துகிறது. மேற்கண்ட அதே கணக்கை 30 வோல்ட்டுக்குப் போட்டால், இழப்புகளுக்கு முன் ஒரு சேனலுக்கு 112 வாட் வரை கிடைக்கிறது. ஸ்டீரியோவால் இயலாததை ஆம்ப்ளிஃபயர் செய்து முடிப்பதன் இரகசியம் இந்த மின்மாற்றியிலேயே அடங்கியிருக்கிறது.

வயரின் பருமன்

ஆற்றலைப் புதிதாகப் படைக்க முடியாது என்பதால், ஆம்ப்ளிஃபயர் வெளிவிடும் ஒவ்வொரு வாட்டும் பேட்டரியின் பக்கத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். சேனலுக்கு 75 வாட் வீதம் நான்கு சேனல்கள் கொண்ட ஆம்ப்ளிஃபயர் முழு வீச்சில் 300 வாட் தருகிறது என்று கொள்வோம். பழைய, ஆனால் இன்றும் விரும்பப்படும் ஏபி வகை அமைப்பில் உள்ளே செல்லும் ஆற்றலில் ஏறக்குறைய 60 விழுக்காடே ஸ்பீக்கருக்குச் சென்று எஞ்சியது வெப்பமாகிவிடுவதால், அது 500 வாட் உண்ணும். டி வகை அமைப்பில் பயன்திறன் 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் அதற்கு 375 வாட் போதும். வீட்டுச் சமையலறையில் 230 வோல்ட்டில் இயங்கும் 500 வாட் மிக்சி 2 ஆம்பியருக்குச் சற்று அதிகமான மின்னோட்டத்தையே இழுக்கிறது; அதே 500 வாட்டை 13.8 வோல்ட்டில் பெற 36 ஆம்பியர் பாய வேண்டும். அழுத்தம் குறைந்தால் ஓட்டம் பெருகியே தீரும் என்ற இந்த விதியே கார் வயரிங்கின் அடிப்படை.

வயரின் தடையோடு மின்னோட்டத்தைப் பெருக்கினால் வழியில் இழக்கும் வோல்ட் தெரியும். பேட்டரியிலிருந்து டிக்கிவரை 5 மீட்டர் தூரம் என்று வைத்து, வீட்டு வயரிங்கில் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரை இழுத்தால், 36 ஆம்பியரில் 1.2 வோல்ட் வழியிலேயே இழக்கப்படுவதோடு, 40 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் கம்பளத்தின் அடியில் ஓடும் அந்த வயருக்குள்ளேயே உண்டாகும். 8 கேஜ் என விற்கப்படும், 8.4 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள வயரில் இழப்பு 0.37 வோல்ட்டாகக் குறைகிறது. 21 சதுர மில்லிமீட்டர் கொண்ட 4 கேஜில் அது 0.15 வோல்ட் மட்டுமே. கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைவது எவர் கவனத்துக்கும் வராது, 13.8-இல் ஒரு வோல்ட் குறைவது பதினான்கில் ஒரு பங்கை இழப்பதாகும்.

உறையின் தடிமனைக் கண்டு ஏமாறுவதும் எளிது. பருத்த பிளாஸ்டிக் உறைக்குள் மெலிந்த கம்பியை வைத்து விற்பது ஒரு வகை. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு இட்டு விற்பது மற்றொரு வகை. செம்பு பூசிய அலுமினியத்தின் கடத்துதிறன் தூய செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகிலேயே இருப்பதால், அதைப் பயன்படுத்துவோர் அடுத்த பெரிய அளவுக்குச் செல்ல வேண்டும். இரண்டையும் பிரித்தறிய ஒரு பிளேடு போதும். வயருக்குள் உள்ள ஒரே ஓர் இழையைப் பிரித்துச் சுரண்டினால், சிவந்த தோலுக்குள் வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். வெளியே வெள்ளையாக இருந்து சுரண்டியபின் சிவப்பு தெரிந்தால் அது களிம்பேறாமலிருக்க வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு.

ஃபியூஸ் காப்பது எதை

12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் உலர்ந்த கைகளால் தொட்டாலும் ஷாக் அடிப்பதில்லை. உடலின் தடை மிக அதிகமாக இருப்பதால் அவ்வளவு சிறிய அழுத்தம் உணரத்தக்க ஓட்டத்தை உண்டாக்காது. இந்தப் பாதுகாப்புணர்வே பலரை ஏமாற்றிவிடுகிறது. நேர்முனையைக் கழற்றும் ஸ்பானர், எதிர்முனையோடு இணைந்திருக்கும் காரின் உடலைத் தொட்டுவிட்டால், தடை ஏறக்குறைய இல்லாத அந்தப் பாதையில் பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டும். அந்தப் பாதையில் ஒரு மோதிரமோ உலோகக் கைக்கடிகாரமோ சிக்கிக்கொண்டால் அது நொடியில் பழுத்துச் சதையைச் சுட்டுவிடும். எனவேதான் வேலை தொடங்கும்போது எதிர்முனையை முதலில் கழற்றுவதும், முடித்தபின் அதைக் கடைசியில் மாட்டுவதும் மாற்றமில்லாத மரபாக நிலைத்திருக்கிறது.

ஆம்ப்ளிஃபயரின் உடலிலேயே ஃபியூஸ் இருக்கும்போது பேட்டரியின் பக்கத்தில் இன்னொன்று எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழும். ஆம்ப்ளிஃபயரில் இருப்பது அந்தக் கருவியைக் காக்கிறது. பேட்டரியின் அருகில் இருப்பது இரண்டுக்கும் இடையே ஓடும் வயரைக் காக்கிறது. எஞ்சின் அறையிலிருந்து பயணிகள் பகுதிக்குள் நுழையும் தகட்டுத் துளையின் விளிம்பில் வயரின் உறை உரசி அறுந்து செம்பு தகட்டைத் தொட்டால், ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸுக்கு மின்னோட்டம் சென்று சேரவே சேராது. வயர் பழுத்து அதன் உறை பற்றிக்கொள்ளும். ஆகவே அத்துளையில் கிராமெட் எனப்படும் ரப்பர் வளையம் இட்டுத்தான் வயரை நுழைக்க வேண்டும் என்பதும், பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே கடைப்பிடிக்க வேண்டிய விதிகள். ஃபியூஸின் அளவு வயர் தாங்கும் மின்னோட்டத்தைத் தாண்டக் கூடாது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் செப்பு 8 கேஜுக்கு 40 ஆம்பியர் பொருந்தும். எரிந்துபோன ஃபியூஸில் செப்பு இழையைச் சுற்றிப் போடுவது, காவலாளியை அனுப்பிவிட்டு வீட்டைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

திரும்பி வரும் பாதை

மின்னோட்டம் சென்றால் மட்டும் போதாது, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். கார்களில் பேட்டரியின் எதிர்முனை உடல் தகட்டோடு இணைக்கப்பட்டிருப்பதால், அந்த உலோக உடலே எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான திரும்பு பாதையாக அமைகிறது. இதையே மெக்கானிக்குகள் பாடி எர்த் என்கிறார்கள். வீட்டு எர்த்தைப் போல இதற்கும் மண்ணுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. நேர்முனை வயரில் சென்ற 36 ஆம்பியரும் எர்த் வயரின் வழியாகவே திரும்புவதால், எர்த் வயர் அதே பருமனிலும், 45 சென்டிமீட்டருக்கு மிகாத நீளத்திலும் இருக்க வேண்டும்.

தகட்டின் மேலுள்ள பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே தேர்ந்தெடுத்த இடத்தில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய பரப்பில், மேற்பூச்சையும் அதன் அடியிலுள்ள பிரைமரையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துத் தகடு பளிச்சென மின்னும்வரை கொண்டுவர வேண்டும். பிறகு வயரின் முனையில் கிரிம்பிங் கருவியால் இறுக்கிய வளைய லக்கை அதன்மேல் வைத்து, பற்கள் கொண்ட ஸ்டார் வாஷரோடு போல்ட்டை முறுக்கினால் பற்கள் உலோகத்தில் பதிந்து பிடிக்கும். வெளியே தெரியும் வெற்றுத் தகட்டில் மீண்டும் பெயிண்டோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவாவிட்டால், ஒரே மழைக்காலத்தில் துரு ஏறி இணைப்பைக் கெடுத்துவிடும். சீட் பெல்ட் போல்ட்டுகள் விபத்தில் உயிர்காப்பவை ஆதலால் அவற்றை எர்த்துக்குப் பயன்படுத்தலாகாது. புதிதாகத் துளையிட நேர்ந்தால், தகட்டின் மறுபக்கத்தில் பெட்ரோல் டேங்கோ பிரேக் குழாயோ இல்லை என்பதைக் காரின் அடியில் பார்த்து உறுதிசெய்த பின்னரே டிரில்லை எடுக்க வேண்டும்.

இந்த இணைப்பில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும், 36 ஆம்பியரில் 0.36 வோல்ட் இழப்பு ஏற்படும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீடு அவ்வளவு நுண்ணிய தடையைக் காட்டாது. ஆகவே ஆம்ப்ளிஃபயர் உரக்க ஒலிக்கும்போது, அதன் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ட் அளவீட்டில் வைத்துப் பார்ப்பதே நம்பத்தகுந்த சோதனை.

சிக்னலும் இரைச்சலும்

ஆற்றல் வயர்களைத் தவிர இன்னும் இரண்டு வயர்கள் ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வருகின்றன. ஒன்று ரிமோட் வயர். தனியாக விற்கப்படும் ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடிட்டது. ஸ்டீரியோ இயங்கும்போது மட்டும் இதில் 12 வோல்ட் வந்து, ஆம்ப்ளிஃபயரை விழிக்கச் சொல்கிறது. இதை எப்போதும் மின்சாரம் உள்ள மஞ்சள் வயரோடு இணைத்துவிட்டால் ஆம்ப்ளிஃபயர் உறங்கவே உறங்காது. சும்மா இருக்கும்போதே அது ஓர் ஆம்பியர் இழுத்தால், சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை நாளில் வறண்டுவிடும்.

மற்றொன்று, ஆர்சிஏ கேபிள் எனப்படும் சிக்னல் வயர். இது சுமப்பது ஓரிரு வோல்ட் அளவிலான மெல்லிய இசை அலை என்பதால், அருகில் செல்லும் பெரிய மின்னோட்டங்களின் காந்தப்புலம் இதைப் பாதிக்கக்கூடும். ஆகவே பவர் வயரைக் காரின் ஒரு பக்கமாகவும் சிக்னல் வயரை மறுபக்கமாகவும் கொண்டு செல்கிறார்கள். ஆர்சிஏ வெளியீடு இல்லாத, கம்பெனி பொருத்திய ஸ்டீரியோக்களில், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னலை எடுக்கும் ஹை லெவல் இன்புட் வசதியுள்ள ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் சீழ்க்கை ஒலி ஸ்பீக்கரில் கேட்பது, இவ்வேலையில் மிகப் பரவலாக எழும் குறை. ஸ்டீரியோவின் எர்த்தும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தும் வெவ்வேறு இடங்களில் இருக்கும்போது, மோசமான இணைப்பால் அவற்றுக்கிடையே சிறு அழுத்த வேறுபாடு தோன்றினால், சிக்னல் கேபிளின் வெளிச்சுற்று உறை அவ்விரண்டையும் இணைக்கும் பாலமாகி, அதன்வழியே வேண்டாத மின்னோட்டம் பாய்கிறது. ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தில் எஞ்சியிருக்கும் சிற்றலைகள் அப்பாதையில் நுழைந்து இசையோடு சேர்ந்து பெருக்கப்படுகின்றன. எஞ்சின் வேகம் கூடும்போது சிற்றலையின் அதிர்வெண்ணும் கூடுவதால் சுருதி ஏறுகிறது. ஃபில்டர் வாங்கி இடையில் மாட்டுவதற்கு முன், எர்த்தைக் கழற்றி மீண்டும் சுரண்டிப் பொருத்திப் பார்ப்பதே முறை.

ஸ்பீக்கரும் கெயினும்

ஸ்டீரியோவும் பல ஆம்ப்ளிஃபயர்களும் பிரிட்ஜ் முறையில் ஸ்பீக்கரின் இரு முனைகளையும் இயக்குவதால், ஸ்பீக்கரின் எதிர்முனை வயரை உடல் தகட்டோடு இணைத்தல் கூடாது. இணைத்தால் வெளியீட்டுச் சில்லு கருகிப்போகும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாக இணைத்தால் தடை 2 ஓமாகப் பாதியாகி மின்னோட்டம் இரட்டிக்கும் என்பதால், ஆம்ப்ளிஃபயர் அந்த அளவைத் தாங்கும் என்று அதன் குறிப்பேட்டில் இருந்தாலன்றி அவ்வாறு செய்யலாகாது. முனைகள் மாறிவிட்டால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வயர் எந்த முனைக்குச் செல்கிறது என்று தெரியாதபோது, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்து, கூம்பு வெளிப்புறமாக நகர்ந்தால் பேட்டரியின் நேர்முனை தொட்ட இடமே ஸ்பீக்கரின் நேர்முனை என்று அறிகிறார்கள்.

ஆம்ப்ளிஃபயரில் உள்ள கெயின் என்ற திருகு ஒலியளவைக் கூட்டுவதற்கானது என்று பலர் எண்ணுகிறார்கள். ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதே அதன் வேலை. 75 வாட்டை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 17.3 வோல்ட் வரும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவின் ஒலியளவை முக்கால் பங்கில் வைத்து, சோதனைச் சுருதி ஒன்றை ஒலிக்கச் செய்து, மல்டிமீட்டரின் ஏசி அளவீட்டில் அந்த எண் வரும்வரை மட்டும் கெயினைத் திருப்ப வேண்டும். அதற்கும் மேல் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்படத் தொடங்கும்; ஸ்டீரியோவின் பெட்டியில் 50 வாட் என்று அச்சிடக் காரணமாக இருந்த அதே சதுர அலை, இங்கே உயர்சுருதிக்கான ட்வீட்டர்களைச் சுட்டெரிக்கும்.

இறுதிச் சோதனை

இன்றைய கார்களில் ஸ்டீரியோ தனித்த கருவியாக இல்லாமல், ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பொத்தான்கள் ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்திருக்கிறது. எனவே கம்பெனி வயரை வெட்டாமல், அந்தந்த மாடலுக்கென்றே விற்கப்படும் கப்ளரை இடையில் மாட்டி வேலை செய்வதே நல்லது. வழக்கமாக மஞ்சள் நிறத்தில் வரும் ஏர்பேக் வயர்களையும் இணைப்பிகளையும் எக்காரணம் கொண்டும் தொடலாகாது.

எல்லாம் பொருத்தி முடித்த பின், இருபது நிமிடம் உரத்த ஒலியில் இசையை ஓடவிட்டு, பிறகு ஃபியூஸ் உறை, லக், எர்த் போல்ட், ஆம்ப்ளிஃபயரின் முனைகள் என்று ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்ப்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் பழக்கம். ஆம்ப்ளிஃபயரின் உடல் சூடாவது இயல்பு. இணைப்பு சூடாவது இயல்பன்று. சூடு தெரியும் இடத்தில் தடை இருக்கிறது, ஸ்பீக்கருக்குச் சேர வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு அங்கே வெப்பமாகக் கழிந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த விரல் அறிந்துகொள்கிறது. அத்தகைய இடம் ஒன்று தென்பட்டாலும், வேலை இன்னும் முடியவில்லை என்று எதிர்முனையை மீண்டும் கழற்றுவதே முறையான தொழில்.